முதியோரின் வாயும் உடலும்: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் அறுபதைக் கடந்தவர் ஒருவர் இருந்தால் அவருடைய சர்க்கரை அளவும் இரத்த அழுத்தமும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கும். அவர் வாயில் எத்தனை பற்கள் மிச்சமிருக்கின்றன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வலி வந்தால் பல் மருத்துவரை நினைப்பதும், வலி தணிந்ததும் மறந்துவிடுவதும் நம் பக்கத்தில் ஊறிப்போன வழக்கம். கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் பெரியவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினர் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களுக்கான விடைகள் இவை.

வயதானால் பல் விழுவது இயற்கைதானே? அதற்கு எதற்கு வைத்தியம்?

முடி நரைப்பதைப் போலப் பல் விழுவதும் வயதின் கணக்கில் சேர்ந்தது என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதுதான் இதில் இருக்கும் முதல் தடை. பற்களைப் பறிப்பவை பற்சொத்தையும் ஈறுநோயும். இவ்விரண்டும் ஆண்டுக்கணக்கில் வலியில்லாமல் வளர்ந்து முதுமையில் வெளிப்படுவதால் பழி வயதின் மேல் விழுகிறது. ஜப்பானில் 1989ஆம் ஆண்டு, 80 வயதிலும் 20 சொந்தப் பற்கள் இருக்க வேண்டும் என்ற இலக்குடன் ஓர் இயக்கம் தொடங்கியபோது அந்த நிலையை எட்டியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த வயதினரில் ஏறத்தாழப் பாதிப்பேர் 20 பற்களோடு இருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குள் மனித உடலின் முதுமை மாறிவிடவில்லை. பல்லைப் பார்த்துக்கொண்ட விதம் மாறியது. 20 என்ற எண்ணிக்கைக்கும் காரணம் உண்டு: மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்தும் 20 பற்கள் இருந்தால் பெரும்பாலான உணவைச் செயற்கைப் பல் இல்லாமலே மென்றுவிடலாம்.

வாயில் உள்ள நோய் உடம்பின் மற்ற உறுப்புகளை எப்படிப் பாதிக்கும்?

பல வழிகளில் பாதிக்கும். ஈறில் சீழும் வீக்கமும் நாள்பட இருக்கும்போது, மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் கிருமிகள் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கின்றன. அந்த அழற்சியின் வேதிப்பொருள்களும் உடல் முழுவதும் சுற்றி வருகின்றன. வாயில் சேரும் கிருமிகள் எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைத் தாக்கலாம். மெல்ல முடியாததால் உணவு மாறி, புரதமும் நார்ச்சத்தும் குறைந்து, உடல் தளர்வது இன்னொரு வழி. இது மெதுவாக நடப்பதால் யாரும் இதைப் பல்லோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

இதயத்தைப் பற்றி மட்டும் நிதானமாகப் பேச வேண்டும். ஈறுநோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் ஈறுநோய்தான் மாரடைப்பை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று போதாது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. புகைபிடித்தல், சர்க்கரை நோய் போன்றவை இரண்டு நோய்களுக்கும் பொதுவான காரணங்கள். ஆகவே, பல்லைச் சுத்தம் செய்துகொண்டால் மாரடைப்பே வராது என்று சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஈறுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு?

இங்கே தொடர்பு இருபுறமும் வலுவாக இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது சிறு இரத்தக் குழாய்களும் நோய் எதிர்ப்பு ஆற்றலும் பலவீனப்பட்டு ஈறுநோய் வேகமாக முற்றுகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. பற்கள் ஆடத் தொடங்குகின்றன. மறுபுறம், ஈறில் நிலைத்திருக்கும் அழற்சி இன்சுலின் வேலை செய்வதைத் தடுப்பதால், மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் சரியாக இருந்தும் சர்க்கரை இறங்காமல் நிற்கலாம். ஈறுநோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தவர்களிடம் மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு சராசரியாக 0.4 விழுக்காட்டுப் புள்ளி அளவுக்குக் குறைவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2022ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் மதிப்பாய்வு காட்டுகிறது. கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும், மாத்திரை ஒன்றைக் கூட்டும்போது கிடைக்கும் பலனோடு வைத்துப் பார்க்கத்தக்க அளவு அது.

சர்க்கரை நோயாளியின் வாயில் கவனிக்க வேண்டியவை: துலக்கும்போது இரத்தம் கசிதல், ஈறு பல்லை விட்டுக் கீழிறங்குதல், முன்பு இல்லாத இடைவெளி பற்களுக்கிடையே தோன்றுதல், மாறாத வாய்நாற்றம். கால் விரலில் புண் என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடும் வீடுகளில் ஈறில் இரத்தம் வருவதை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். இது எனக்கு விளங்காத ஒன்று. கடலூர் மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டுக்கே மாத்திரை பெறுபவர்கள், அது வந்து சேரும் நாளையே பெரியவரின் வாயை டார்ச் அடித்துப் பார்க்கும் நாளாகவும் வைத்துக்கொள்ளலாம்.

பல் பிடுங்கப் போகும் நாளில் சர்க்கரை நோயாளி பட்டினியாகச் செல்லக் கூடாது. ஈறில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் சிகிச்சைக்கு, வழக்கமான காலை உணவையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு முற்பகலிலேயே போவது நல்லது.

பாட்டி படுத்த படுக்கையாக இருக்கிறார். அடிக்கடி சளிக் காய்ச்சல் வருகிறது. வாய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, முதியோர் வாய்நலத்தில் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய விஷயம் இது. பக்கவாதம், மறதி நோய், தளர்ச்சி ஆகியவற்றால் விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்குத் தூக்கத்தில் எச்சில் சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் இறங்கும். துலக்கப்படாத வாயில் அந்த எச்சில் கிருமிகள் நிறைந்ததாக இருப்பதால் நிமோனியா வருகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கும், அவ்வாறு செய்யப்படாதவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. இதற்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை; பல் துலக்கும் பிரஷ்தான் வேலை செய்தது.

செய்யும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். தலைமாட்டில் இரண்டு மூன்று தலையணை கொடுத்துப் பாதி உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும்; அது முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்தின் கீழே துண்டையும் சிறு கிண்ணத்தையும் வைக்க வேண்டும். மென்மையான சிறிய பிரஷில் பட்டாணி அளவு பற்பசை போதும். வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்வது. புரையேறும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. நனைத்துப் பிழிந்த காஸ் துணியை விரலில் சுற்றி, நுரையையும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் தங்கிய சோற்றுப் பருக்கைகளையும் துடைத்தெடுக்க வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு உணர்விழந்த பக்கத்துக் கன்னத்தில் காலையில் ஊட்டிய இட்லித் துணுக்கு மாலைவரை அப்படியே கிடப்பதுண்டு. அவருக்கே அது தெரியாது. நாக்கையும் மெதுவாகத் துடைக்க வேண்டும். பல்லே இல்லாதவருக்கும் இது பொருந்தும்.

கை நடுக்கமோ விரல் முடக்கோ உள்ளவர் தாமாகவே துலக்கிக்கொள்ள விரும்பினால், பிரஷின் பிடியில் துணியைத் தடிமனாகச் சுற்றியோ சைக்கிள் ஹேண்டில்பாரின் ரப்பர் பிடியை மாட்டியோ கொடுக்கலாம்.

வாய் எப்போதும் காய்ந்துபோகிறது என்கிறார். வயதுதான் காரணமா?

பெரும்பாலும் மாத்திரைகள் காரணம். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள், குறிப்பாகச் சிறுநீரைப் பெருக்குபவை, மனச்சோர்வுக்கான மருந்துகள், ஒவ்வாமைக்கும் சளிக்கும் தரும் மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாமைக்கான மருந்துகள் ஆகியவை எச்சிலைக் குறைக்கும். இவற்றில் மூன்று நான்கை ஒன்றாக உட்கொள்பவருக்கு வறட்சி கூடும். எச்சில் வாயைக் கழுவுகிறது, அமிலத்தைத் தணிக்கிறது, பல்லின் தாது இழப்பை ஈடுசெய்கிறது. அது வற்றினால் ஈறு இறங்கி வெளித்தெரியும் பல்வேரில் சொத்தை வெகு விரைவில் பிடிக்கும். வேரின் மேல்பரப்பு பல்லின் எனாமலைவிட மென்மையானது என்பதே காரணம்.

வறட்சிக்கு நம் வீட்டு வைத்தியம் கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வது. சொத்தையை விருந்துக்கு அழைக்க இதைவிட எளிய வழியில்லை. அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் அருந்துவதும், சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்வதும் உதவும். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறால் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் அந்த அளவுக்குள்ளேயே பிரித்து அருந்த வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாற்று உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்கலாம்.

நாக்கும் வாயும் எரிகின்றன. காரம் தொட முடியவில்லை. ஏன்?

பூஞ்சைத் தொற்று, இரும்புச் சத்துக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு நெடுங்காலமாக மெட்பார்மின் உட்கொள்பவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் வெள்ளைப் படலமாகப் பூஞ்சை படரும்.

ஈறு வீங்கிப் பல்லையே மூடுகிறது. வலியும் இல்லை. இது என்ன?

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் வகை மாத்திரையும் வலிப்புக்குப் பெனிடாயின் மாத்திரையும் எடுத்துக்கொள்பவர்களில் சிலருக்கு ஈறு இப்படி வளரும். காரை, அதாவது பல்லில் கல் போல இறுகிய அழுக்கு, படிந்த வாயில் வளர்ச்சி அதிகம். பல் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொண்டு, மருந்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்கிறார்களே?

போகாது. கண்ணின் பார்வை நரம்பும் மேல்பல்லுக்கு வரும் உணர்வு நரம்பும் வெவ்வேறானவை. பல் பிடுங்கும் வயதும் கண்ணில் புரை விழும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் இந்த நம்பிக்கை வேரூன்றியிருக்கலாம். உண்மையான ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: சீழ் வைத்த மேல்பல்லைப் பிடுங்காமல் விட்டால், தொற்று கண் குழியைச் சுற்றியும், மிக அரிதாக மூளையை ஒட்டிய இரத்தக் குழாய்வரையும் பரவக்கூடும். கீழ்க் கடவாய்ப்பல்லின் சீழ் தாடைக்கு அடியில் பரவி, கழுத்து கல் போல வீங்கி, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் ஏற்பட்டால் அது அவசர நிலை. இரவானாலும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதய மாத்திரை, எலும்பு மாத்திரை சாப்பிடுபவர் பல் பிடுங்கலாமா?

பிடுங்கலாம், ஆனால் எல்லா மருந்துகளையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை வீட்டிலேயே முடிவெடுத்து நிறுத்துவது தவறு. ஈறில் கசியும் இரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம்; மாத்திரை நின்றதால் இதயத்திலோ மூளையிலோ கட்டும் இரத்தத்தை அவ்வளவு எளிதில் சரிசெய்ய முடியாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரின் எடுப்பவர், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை முடிவோடு செல்ல வேண்டும். செயற்கை வால்வு பொருத்தியவருக்குச் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ, ஆண்டுக்கொரு முறை சோலெட்ரோனிக் அமில ஊசியோ பெறுபவருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளித்தெரியும் சிக்கல் அரிதாக ஏற்படலாம். புற்றுநோய்க்காக அதே மருந்தை அதிக அளவில் பெறுபவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அம்மருந்துகளையும், தலை அல்லது கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையையும் தொடங்கும் முன்பே பல் வேலைகளை முடித்துக்கொள்வது உத்தமம்.

பல்செட் கட்டியும் அம்மா போட்டுக்கொள்வதில்லை. என்ன செய்வது?

பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பீரோவில் வைத்து, கல்யாணத்துக்கும் போட்டோவுக்கும் மட்டும் எடுப்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். பிடிவாதம் என்று கடிந்துகொள்வதற்கு முன் வாயைப் பார்க்க வேண்டும். பல் போன தாடை எலும்பு ஆண்டுதோறும் சிறிது கரைவதால், முதலில் கச்சிதமாக இருந்த செட் பிறகு ஆடும். குறிப்பாகக் கீழ்ச்செட் நாக்கின் அசைவிலேயே எழும்பும். உராய்ந்த இடத்தில் புண் வரும். செட்டின் உள்பக்கத்தைப் பல் மருத்துவர் தாடைக்கேற்பப் புதிதாக அடைத்துத் தரலாம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் புதிதாகவே கட்ட வேண்டியிருக்கலாம். வசதியுள்ளவர்கள் கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்பிளான்ட் (திருகு போன்ற செயற்கைப் பல்வேர்) வைத்து அதன்மேல் செட்டைப் பொருத்திக்கொண்டால் மெல்லும் ஆற்றலில் பெரிய மாற்றம் தெரியும். ஆடும் செட்டைத் தாங்களே அரத்தால் தேய்ப்பதும் பசை போட்டு ஒட்டுவதும் கூடாது.

இரவில் செட்டைக் கழற்றியே தீர வேண்டும். 85 வயதைக் கடந்தவர்களிடம் ஜப்பானில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கழற்றிய செட்டைச் சாதாரணச் சோப்பும் மென்மையான பிரஷும் கொண்டு தேய்த்து, குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கொதிநீர் பட்டால் அது கோணிவிடும். பற்பசை கீறல்களை உண்டாக்கி அங்கே பூஞ்சை குடியேற இடம் தரும். வாஷ்பேசினில் கழுவும்போது கீழே ஒரு துண்டை விரித்துக்கொண்டால், கை நழுவினாலும் உடையாது.

வெற்றிலை பாக்கு போட்டால் பல் உறுதியாகும் என்று தாத்தா சொல்கிறார். விடச் சொல்லலாமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004ஆம் ஆண்டு முதல் பிரிவில் வகைப்படுத்திவிட்டது, குற்றவாளி பாக்கு. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. பாக்கு வாயின் உள்தோலை நாராக இறுக்குவதால், முன்பு மூன்று விரல் நுழைந்த வாயில் ஒரு விரல் மட்டுமே நுழையும் நிலை வரும். அவர்களால் சோற்றுக் கவளத்தைக்கூட முழுதாக வைக்க முடியாது.

புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் பாட்டிகளுக்கு, எந்தப் பக்கம் அடக்குகிறார்களோ அந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலும் மாற்றம் தொடங்கும். விரலால் கன்னத்தை விலக்கிப் பார்த்தால், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, தடிப்பு ஆகியவை தெரியலாம். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும், வலி இல்லாவிட்டாலும், காட்டிவிட வேண்டும். தொடக்க நிலை வாய்ப்புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கும்வரை காத்திருப்பதே பல உயிர்களைப் பறிக்கிறது.

மெல்ல முடியவில்லை என்று கஞ்சியும் ரசம் சோறும் மட்டுமே சாப்பிடுகிறார். போதுமா?

போதாது. பல் போனவரின் தட்டில் முதலில் காணாமல் போவது கறி, கீரைத்தண்டு, பழம், பருப்பு வகை. தங்கிவிடுவது குழைந்த சோறும், தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும் ரொட்டியும். மாவுச்சத்து கூடி, புரதம் குறைந்து, தசை கரைந்து, எழுந்து நடக்கத் தடுமாறி விழுவதில் அது போய் முடியலாம். புதிய பல் கட்டும்வரை, அதே சத்தை வடிவம் மாற்றித் தர வேண்டும்: கடலூர் துறைமுகத்தில் இறங்கும் மீனை வேகவைத்து முள் நீக்கி உதிர்த்துப் புட்டாக, முருங்கைக் கீரையை நன்கு மசித்துப் பருப்போடு, பண்ருட்டி முந்திரியை அரைத்துக் குழம்பில், முட்டையைக் குழைவாக. கேழ்வரகுக் கூழும் நல்லதுதான், ஆனால் சர்க்கரை நோயாளிக்கு அளவு தேவை. எல்லாவற்றையும் மிக்சியில் அடித்துத் திரவமாக்கிவிடுவது சரியன்று. மெல்ல முடிந்ததை மென்றால்தான் தாடைத் தசைக்கும் எச்சிலுக்கும் வேலை கிடைக்கும்.

வேப்பங்குச்சி, உப்பு, செங்கல் தூள், இவற்றில் எது நல்லது?

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்ற பழமொழியோடு சண்டையில்லை. மென்று தும்பாக்கிய வேப்பங்குச்சி ஓரளவு சுத்தம் செய்யும். ஆனால் அதில் ஃபுளோரைடு இல்லை, கடவாய்ப்பல்லின் உள்பக்கத்தை அது எட்டுவதும் இல்லை. செங்கல் தூள், சாம்பல், கரி, கரடுமுரடான பல்பொடி ஆகியவை ஈறோரத்தில் பல்லை வெட்டியது போலத் தேய்த்துவிடும்; கூச்சத்துக்கு அதுவே காரணம். ஃபுளோரைடு பற்பசை, மென்மையான பிரஷ், இரவு படுக்கும் முன் ஒரு முறை கட்டாயம், பகலில் இன்னொரு முறை: இவ்வளவுதான் தேவை. பல்வலிக்கு மாத்திரையை ஈறில் வைத்து அடக்கினால் ஈறு வெந்துபோகும், மாத்திரை விழுங்குவதற்கு.

கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடும் என்பது உண்மையா?

காரை ஏற்கெனவே எலும்பைக் கரைத்துவிட்ட இடத்தில், அந்தக் காரையே பற்களைப் பூச்சு வைத்தாற்போலப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் மறைந்திருந்த ஆட்டம் தெரிகிறது. எடுக்காமல் விட்டால் ஆட்டம் கூடும்.

கீழ்த்தாடை வலிக்கிறது, பல்லில் கோளாறு இல்லை என்கிறார்கள். பிறகு என்ன?

நடக்கும்போதும் படியேறும்போதும் வந்து, ஓய்வெடுத்தால் தணியும் தாடை வலி இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். வியர்வை, மூச்சுத்திணறல், மார்பு இறுக்கம் ஆகியவற்றோடு திடீரென்று தாடை வலித்தால் பல் மருத்துவரைத் தேடாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

மறதி நோய் உள்ளவருக்குப் பல் வலிப்பதை எப்படி அறிவது?

அவர் சொல்லமாட்டார், நடத்தையில்தான் தெரியும். விரும்பிச் சாப்பிட்டதை ஒதுக்குவது, ஒரு பக்கமாகவே மெல்வது, கன்னத்தில் அடிக்கடி கை வைப்பது, முகம் கழுவிவிடும்போது எரிந்துவிழுவது, இரவில் தூங்காதிருப்பது ஆகியவற்றை நோயின் முற்றல் என்று தள்ளிவிடாமல் வாயைப் பார்க்க வேண்டும். பற்களை இழந்தவர்களிடம் மறதி நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்றாலும், எது எதற்குக் காரணம் என்பது தீர்ந்த கேள்வி அன்று. நோயின் தொடக்கத்திலேயே பல் வேலைகளை முடித்துக்கொள்வது மேல். பிறகு வாயைத் திறக்க வைப்பதே பெரும்பாடாகிவிடும்.

எங்கே காட்டுவது? போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

புதுச்சேரியில் கோரிமேட்டில் உள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனம் அரசு நிறுவனம். ஜிப்மரிலும் பல் மருத்துவப் பிரிவு உண்டு. வாய்ப்புற்று ஐயம் இருந்தால் ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. சிதம்பரம், குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு அண்ணாமலை நகரில், முன்பு இராஜா முத்தையா கல்லூரி என்று அறியப்பட்டு இப்போது அரசு நடத்தும் பல் மருத்துவக் கல்லூரி அருகில் இருக்கும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் பல் பிரிவை அணுகலாம். கல்லூரி மருத்துவமனைகளில் கூட்டம் இருக்கும். பல்செட் கட்டப் பல முறை வரவேண்டியிருக்கும். துணைக்கு ஒருவர் வேண்டும். வலி இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுவது நல்லது.

போகும்போது மருந்துச் சீட்டை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டில் உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அண்மைய சர்க்கரைப் பரிசோதனை முடிவையும் வையுங்கள். பீரோவில் கிடக்கும் பழைய பல்செட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள். அது எங்கே உராய்ந்தது, எங்கே பொருந்தவில்லை என்பதை மருத்துவர் பார்த்தால், அடுத்த செட்டை அதற்கேற்பக் கட்ட முடியும்.